நுவரெலியா வீட்டில் பூட்டிய கீசர்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்.

டீச்சர். கல்முனைப் பிள்ளை. மாற்றலாகி நுவரெலியாவில் படிப்பிக்கப் போனவர்.

நிஸார். டீச்சரின் கணவர். அங்கேயே டவுனில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார்.

ராத்தா. டீச்சரின் மூத்த சகோதரி. பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வந்தவர். என்னைவிட வயதில் குறைந்தவர்தான். ஆனாலும் நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். வேறு மாதிரிக் கூப்பிட வாய் வராது. அப்படியான ஆள்.

யோகன். வீரமுனை. கரண்ட் வேலை. பல வருடம் என்னோடு வேலைக்கு வந்தவர்.

டீச்சரின் மகன். பிறந்து ஒன்பதாம் நாள்.

பிறகு நான். சாய்ந்தமருது. பைப் வேலை. அங்கே எல்லோருக்கும் காக்கா, அண்ணன் முறை.

எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். குழாயை எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போனில் பார்த்தே என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். அதனால் நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். அது போனில் இருக்காது.

இப்போது நமது ஊர் ஆட்கள் மலைநாட்டில் வீடு வாங்குகிறார்கள். வேலைக்கு நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் போங்கள். ஆனால் நமது கடற்கரையைத் தலையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

நிஸார் போனில் கேட்டது இதுதான். டீச்சருக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. தாயும் பிள்ளையும் இன்னும் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்ததும் மருந்துக் குளிப்பு தொடங்க வேண்டும். அந்தக் குளிரில் விறகு மூட்டித் தண்ணீர் சுட வைத்து முடியாது. சுடுதண்ணீர் குழாயில் வர வேண்டும். நாலு நாளுக்குள்.

யோகனும் நானும் பதுளை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பழைய வீடு. தகரக் கூரை, மெல்லிய பலகை சீலிங். நிஸார் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். கரண்டில் வேலை செய்யும் கீசர். தண்ணீர் நிற்கும் தாங்கி இல்லாத வகை. குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போதே சூடாக்கித் தருவது.

"ஊருல எங்கட உம்மாட வீட்டுல இதத்தான் பூட்டியிரிக்கி காக்கா. கை வைக்க ஏலா. அவ்வளவு சூடு" என்றார்.

சுவரில் பூட்டிக் குழாயை இணைத்தோம். திறந்தோம். கையை வைத்தேன். நமது ஊரில் மத்தியானம் சும்மா குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் இதைவிடச் சூடு.

யோகன் சிரித்தார். "காக்கா, பக்கத்துக் குழாயில கைய வெச்சுப் பாருங்க."

பச்சைத் தண்ணீர்க் குழாயில் வைத்தேன். எலும்பு வலித்தது. அப்போதுதான் விளங்கியது. நமது ஊரில் கூரைமேல் இருக்கும் தாங்கியை வெயில் பாதி சுட வைத்துத் தருகிறது. கீசர் மிச்சப் பாதியைத்தான் செய்கிறது. அந்தப் பெருமையை நாம் கீசருக்குக் கொடுக்கிறோம். மலையில் ஊற்றுத் தண்ணீர். அடியில் இருந்து முழுப் பாரத்தையும் அது ஒன்றே தூக்க வேண்டும். அந்தச் சிறிய பெட்டிக்கு அந்தப் பலம் இல்லை. தண்ணீரை நூல் மாதிரி ஒழுக விட்டால் சூடாக வரும். பிள்ளை பெற்றவளை நூலால் குளிப்பாட்ட முடியாது.

பலம் கூடின கீசர் வாங்கினால் அந்தப் பழைய வயர் தாங்காது என்று யோகன் சொன்னார். தாங்கி உள்ள கீசர் என்றால் சுவரும் மண், சீலிங்கும் பலகை. ஐம்பது லீற்றர் தண்ணீரைத் தொங்கவிட இடமில்லை. மழை வந்தால் கரண்ட் போகும் ஊர் வேறு. யோசித்தோம். கேஸில் எரியும் தாங்கி இல்லாத கீசர்தான் சரி என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு இன்றைக்கும் சரிதான். பிழை அதில் இல்லை.

ராத்தா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கி இல்லாம சுடுதண்ணியாம். பானை இல்லாம சோறாக்கிற மாதிரி."

"பானையும் இரிக்கி ராத்தா. உள்ளுக்கு ஒளிச்சி வெச்சிரிக்கி" என்றார் யோகன்.

"ஒன்ன மாதிரி. வேலை செய்றாய் எண்டு சொல்றாங்க, காணக் கிடைக்கல்ல."

கீசரை எங்கே பூட்டுவது? இதுதான் கேள்வி. வெளிச்சுவரில் பூட்டினால் குழாய் நீளும். திறந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர் வரும். மழைக்கும் பனிக்கும் மேலே தகரம் அடிக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் போகும். குளியலறைக்குள் பூட்டினால் அரை நாள். நிஸாருக்கு அவசரம். மறுநாள் பின்னேரம் தாயும் பிள்ளையும் வருகிறார்கள்.

"உள்ளுக்கே பூட்டுங்க காக்கா. ஒரு அடி குழாய். திறந்தவுடன சூடு."

கேஸ் கீசருக்குக் காற்று வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எழுத்து இங்கிலிஷ். படம் இருந்தது. படத்தில் ஒரு ஜன்னலும் வெளியே போகிற அம்புக்குறியும் இருந்தன. நான் மேலே பார்த்தேன். சுவரின் உச்சியில் நாலு துளைக்கற்கள். காற்றுப் போக வர வைத்தவை. நமது ஊரில் எந்த வீட்டிலும் இருப்பவை. போதும் என்று நினைத்தேன்.

ஏன் நினைத்தேன் என்றால், அதற்கு முன் நான் கேஸ் கீசர் பூட்டினது எல்லாம் அறுகம்பேயில். கடலில் பலகை ஓட வரும் வெள்ளைக்காரர் தங்கும் இடங்களில். அங்கே குளியலறை என்றால் இடுப்புக்கு மேலே ஓலைத் தட்டி. தலைக்கு மேலே வானம். பத்துப் பன்னிரண்டு பூட்டியிருப்பேன். ஒரு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை என் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். அது காற்றின் கெட்டித்தனம்.

உள்ளே பூட்டினேன். கேஸ் சிலிண்டரைப் பின்சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழே வைத்தேன். திறந்து பார்த்தோம். சுவாலை நீலமாக எரிந்தது. தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. வெளியே போய் நின்று பார்த்தேன். நாலு துளையாலும் வெள்ளை ஆவி புகைந்துகொண்டு போனது. அந்தக் குளிரில் நன்றாகத் தெரிந்தது. நல்லது என்று சொல்லிவிட்டுக் குசினி வேலைக்குப் போனேன்.

மறுநாள் பின்னேரம் டீச்சரும் பிள்ளையும் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை, பத்து மணி இருக்கும். முதல் மருந்துக் குளிப்பு. ராத்தா ஊரிலிருந்து உர பேக்கில் கொண்டுவந்த நொச்சி இலையை அவித்து வைத்திருந்தார். குளியலறைக்குக் கதவு படுக்கையறைக்குள் இருந்தது. டீச்சரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கொண்டியைப் போட்டார். பிள்ளை படுக்கையறைக் கட்டிலில். நிஸார் முன் அறையில். யோகன் மெயின் சுவிட்ச் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பகல் பஸ்ஸில் ஊருக்குப் போகிற எண்ணம்.

கீசர் ஹோ என்று எரியும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. நிற்காமல் எரிந்தது. பெரிய பேசினை நிரப்புகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்தேன்.

ஆவி இல்லை.

அவ்வளவு சுடுதண்ணீர் உள்ளே ஓடுகிறது. வெளியே பனி. துளையால் ஒரு பொட்டு ஆவியும் இல்லை. உற்றுப் பார்த்தேன். துளைகளுக்குள் நீலமும் சிவப்பும் தெரிந்தன. துணி.

பிள்ளைகளே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்போது என் வாய்தான் முதலில் திறக்கப் பார்த்தது. கத்தினால் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் கத்தியதால் எந்த நெருப்பும் அணையாது. நான் வாயை மூடிக்கொண்டு சிலிண்டரை மூடினேன். சத்தம் நின்றது. பிறகுதான் சுவரைத் தட்டினேன்.

"ராத்தா! கதவத் திறங்க!"

"ஆரு அது? பொம்புள குளிக்கிற இடத்துல நிண்டு என்ன சத்தம்? தண்ணியும் பச்சையாப் போச்சி!"

"நான்தான் மூடினன். கதவத் திறங்க."

"திறக்க ஏலா. காத்துப் பட்டுரும். தலையில தண்ணி ஊத்தியிரிக்கன்."

"தங்கச்சி என்ன செய்றா?"

"நித்திரையாப் போறா. கதிரையில சாஞ்சிட்டா. சுடுதண்ணிச் சுகம்."

சுவரோடு காதை வைத்துக் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தலை வலிக்கா ராத்தா?"

 குரல் மெதுவாக வந்தது.

"சுபஹு தொழுதிட்டு இதுக்குள்ள சுடுதண்ணியில பிள்ளைட துணி கழுவினன். அதுல இரிந்து தலை இடிக்கி. குளிருக்காக்கும்…"

காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் ஒரு நஞ்சுப் புகை வரும். அந்தப் புகைக்கு மணமில்லை. நிறமில்லை. ஆளை அடிக்காது. நித்திரையாக்கும். இதை நான் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். கேட்டது ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நித்திரையாகிக்கொண்டிருப்பது இன்னொன்று.

"யோகன்! பின்னால வா! பைப் ஒண்டு எடு! அந்தத் துணியக் குத்தி உள்ளுக்குத் தள்ளு!"

யோகன் ஏன் என்று கேட்கவில்லை. அவரோடு அத்தனை வருடம் வேலை செய்ததற்கு அதுதான் காரணம். பெயின்ட் வாளியைக் கவிழ்த்து ஏறினார்.

நான் முன்னால் ஓடினேன். நிஸார் எழுந்து நின்றார்.

"போர்வை ஒண்டு எடு. குளியலறைக் கதவ உதை."

"என்ன காக்கா?"

"உள்ளுக்கு நஞ்சுப் புகை. உதை."

"ராத்தா ஏசுவா…"

"ஏசினா அல்ஹம்துலில்லாஹ். உதை!"

நான் உதைத்திருக்கலாம். என் கால் பலமானது. ஆனால் குளிக்கும் பெண்கள். உள்ளே போகக்கூடிய ஆண் அவர் ஒருவர்தான். அவரைப் போக வைப்பதுதான் என் வேலை. அவர் போகாமல் நின்றிருந்தால் நானே போயிருப்பேன். அதையும் அந்த நிமிடத்திலேயே முடிவெடுத்து வைத்திருந்தேன். இருவரும் படுக்கையறைக்கு ஓடினோம். அவரது இரண்டாவது உதையில் கொண்டி தெறித்தது. நான் திரும்பி நின்று அந்த அறையின் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். அதன் இடுக்கெல்லாம் துணி திணித்திருந்தது. இழுத்து எறிந்து திறந்தேன். நிஸார் டீச்சரைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால் பின்னியது. அவரது முந்தானையில் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

முன்னால் புல். பனி முகத்தில் அடித்தது. ராத்தா குனிந்து வாந்தி எடுத்தார். டீச்சரின் முகத்தில் நிஸார் தட்டிக்கொண்டே இருந்தார். யோகன் பின்பக்கத்தால் ஓடி வந்தார். டீச்சர் கண்ணைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

நான் தலையை எண்ணினேன்.

அது எனக்குப் பழக்கம். நமது கடற்கரையில் கிணறு தோண்டினால் மணல் எந்த நேரமும் சரியும். எனக்கு வேலை பழக்கிய பாஸ் அதிகம் கதைக்க மாட்டார். குழிக்குள் இருந்து ஆட்கள் ஏறியதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். நாங்கள் சிரிப்போம். அவர் எண்ணி முடிக்காமல் யாரும் தேநீர் குடிக்க முடியாது. நான் கற்றுக்கொண்டதில் பெரியது அது.

எண்ணினேன். ஐந்து.

டீச்சர், நிஸார், ராத்தா, யோகன், நான். திரும்ப எண்ணினேன். ஐந்து.

பிள்ளையை ராத்தா தூக்கினார் என்று நிஸார் நினைத்தார். நிஸார் தூக்கினார் என்று ராத்தா நினைத்தார். நான் அந்தக் கட்டிலைக் கடந்துதான் போனேன், கடந்துதான் வந்தேன். குளிருக்குச் சுற்றிய துணிக்குள் பிள்ளை இருந்தது. ஒரு துணிக்குவியல் என்றுதான் என் கண் பார்த்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். குளியலறைக் கதவு உடைந்து திறந்து கிடந்தது. அங்கே அடைந்திருந்தது இப்போது படுக்கையறைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கட்டில். துணி. தூக்கினேன். பாரமே இல்லை. வெளியே வந்துதான் மூச்சு விட்டேன். துணியை விலக்கினேன். பிள்ளை கண்ணைத் திறந்து கைமுட்டியைச் சூப்பிக்கொண்டிருந்தது. பனி பட்டதும் அழத் தொடங்கியது. பிள்ளை அழுதால் நிறுத்தத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அன்று ஒருவரும் நிறுத்தவில்லை.

மீண்டும் எண்ணினேன். சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டீச்சருக்கும் ராத்தாவுக்கும் மூக்கில் காற்று வைத்தார்கள். பிள்ளையையும் பார்த்தார்கள். பின்னேரம் தெளிந்துவிட்டார்கள். டொக்டர் வெளியே வந்து கேட்டார்.

"யார் பூட்டினது?"

நிஸார் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

"நான்" என்றேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். தாளில் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் நல்லது.

நிஸார், "காக்கா, அந்தச் சாமானக் கழட்டி எறிஞ்சிட்டுப் போங்க. விறகு போதும்" என்றார்.

"கழட்டுவன். எறிய மாட்டன். வெளியில பூட்டித்தான் போவன்."

"வேணாமே."

"நாளைக்கி நீ விறகு மூட்டுவாய். ஒரு கிழமையில குளிருக்குப் பயந்து விறக உள்ளுக்குக் கொண்டுபோவாய். நான் ஊருல இரிந்து பாத்துட்டு இரிக்க ஏலா."

பஸ்ஸை விட்டோம். அடுத்த இரண்டு நாளும் வேலை. கீசரை வெளிச்சுவருக்கு எடுத்தேன். மூன்று பக்கமும் காற்றுப் போகிற மாதிரி மேலே தகரம் அடித்தேன். குழாய்க்குக் குளிர் பிடிக்காமல் ஸ்பொஞ்ச் உறை சுற்றினேன். சுவரில் பழைய குழாய் ஓட்டையைச் சீமெந்து பூசி அடைத்தேன். திறந்தால் முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வரும். வரட்டும். அதை வாளியில் பிடித்துத் துணி கழுவலாம்.

இரண்டாம் நாள் ராத்தா இஞ்சிபோட்டு பிளேன்டீ கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. நின்றார்.

"காக்கா, துளைய அடைச்சது நான்தான். பிள்ளைப் பெத்தவளுக்குக் காத்துப் படக்கூடாதெண்டு மாப்பிள்ளைட கடையில வெட்டுத் துணி எடுத்து அடைச்சன். என்னிலதான் பிழை. என்ட தங்கச்சிய நானே…"

குரல் உடைந்தது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"இல்ல ராத்தா. என்ட பொண்சாதிக்கு அஞ்சு பிள்ளை. அஞ்சு தரமும் ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வெச்சி அடைச்சது ஆரெண்டு நினைக்கிறீங்க? நான்தான்."

ராத்தா என்னைப் பார்த்தார்.

"பிள்ளைப் பெத்த வீட்டுல அடைப்பாங்க எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சிரிந்தும் ஒங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. கேட்டிரிந்தா உள்ளுக்குப் பூட்டியிரிக்க மாட்டன். பிழை என்ட."

ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"அப்ப தேத்தண்ணியத் திருப்பித் தாங்க. பிழை செஞ்சவருக்கு நான் ஏன் தாற?"

யோகன் அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தார்.

இப்போது குளிர்நாட்டு வீட்டுக்குத் தாங்கி இல்லாத கீசர் பூட்டலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். பூட்டலாம். நான் பயந்தவன் இல்லை. அந்த வேலையை விடவும் இல்லை. ஓய்வெடுக்கும் வரை பூட்டினேன். ஆனால் வரும் தண்ணீரில் கையை வைத்துப் பார்க்காமல் கீசர் வாங்கச் சொன்னதில்லை. கேஸ் என்றால் வீட்டுக்காரர் அழுதாலும் உள்ளே பூட்டினதில்லை. அப்படிச் சொன்னதால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. போகட்டும். அதோடு வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் சுவரில் துளை போட்டதில்லை. எந்த ஜன்னலை எப்போது மூடுவீர்கள்? யாருக்குக் காற்று ஆகாது? யார் வந்து தங்குவார்கள்? வீட்டு ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவனும் என்னை மாதிரி மறந்துவிடுவான்.

நீங்கள் ஒரு வீட்டைப் பார்க்கும்போது அது நீங்கள் பார்க்கிற நாளில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் போன பிறகு அதில் ஆட்கள் இருப்பார்கள். குளிர்ந்தால் அடைப்பார்கள்.

எத்தனை கீசர் பூட்டியிருப்பீர்கள் என்று உங்களில் ஒரு தம்பி கேட்டார். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. நான் மறக்காமல் வைத்திருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். அன்று காலை அந்தப் புல்லில், பனிக்குள், கடைசி முறை விரலால் தொட்டு எண்ணிய தலைகள்.

ஆறு.